அல்துமுல்லையில் மழை இல்லை

கந்தப்பளை,
மே 20

தம்பி தரணிதரனுக்கு,

இங்கே நான், உன் மச்சான், அனோஜா மூவரும் தடிமல் இருமலோடு சுகமாகவே இருக்கிறோம். அட்டனில் நீயும் தனுஜாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது அக்காவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே, "ஆளுங்க வந்துட்டாங்கக்கா, பெறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு இதுவரைக்கும் வரவில்லை. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போட்டாலும் கிழிக்கிற நேரத்தில் ரெண்டு வரி கண்ணில் படும்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். அனோஜாவுக்கு இறம்பொடை மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. பெயர் நிரோஷன். ஆவணியில் கலியாணம். இதற்கு முன்னால் ரெண்டு இடம் கூடி வந்து கடைசி நேரத்தில் கலைந்து போனது உனக்குத் தெரியும். ஏன் கலைந்தது என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் அனோஜா மூளைக் காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "முருகா, புள்ள பொழைக்கட்டும், அட்டன்லருந்து கதிர்காமத்துக்கு நடந்தே வர்றேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னது யார்? பிள்ளை பிழைத்தாள். நீ ஒரு வருஷமும் நடக்கவில்லை. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்கிற கதை சாமியிடம் செல்லுமா?

மணவறைக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய தாய்மாமன் நீ. நேர்த்தியை முடிக்காத கையால் அந்த மாலையை வாங்க எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமாக எழுதுவதாக நினைக்காதே, பயந்துபோய்த்தான் எழுதுகிறேன். ராத்திரி படுத்தால் புரண்டு புரண்டு விடிந்துவிடுகிறது. இந்த ஆடித் திருவிழாவுக்கு நட.

பிள்ளைக்காம்பராவில் கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் குழந்தைகளைத் தூங்கப் போட்டுவிட்டு எழுதுகிறேன். ஒன்று எழுந்துவிட்டது.

உன் அக்கா,
ஜெயலெட்சுமி


அட்டன்,
ஜூன் 3

அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். உங்கள் தடிமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். இங்கே மழை பிடித்துவிட்டது. புடவைக் கடைக்கு ஒதுங்கி நிற்க வருகிறவர்கள்தான் அதிகம், வாங்க வருகிறவர்கள் குறைவு.

அனோஜாவின் செய்தி சந்தோஷம். நடக்கிறேன் அக்கா. இந்த வருஷம் நிச்சயம். இங்கிருந்து ஒரு வேல் குழு புறப்படுகிறது. பொகவந்தலாவை, பலாங்கொடை, அல்துமுல்லை, கொஸ்லந்த, வெல்லவாய வழியாகப் போகும். வழியில் தோட்டத்துக்குத் தோட்டம் நின்று பூசை வைத்துப் போவதால் ஒரு மாதம் பிடிக்கும்.

குழுவில் சில கட்டுப்பாடுகள் உண்டு. போன் கொண்டுபோகக் கூடாது. வழியில் வீட்டார் முகம் பார்க்கக் கூடாது. ஆகையால் நீங்கள் எங்கேயும் வந்து நிற்க வேண்டாம். ஊருக்கு ஊர் நானே கடிதம் போடுவேன். கடையைப் பூட்டுகிறேன். தனுஜா பொல்பிட்டியவில் அவள் அம்மா வீட்டில் இருப்பாள். அங்கே சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தம்பி,
தரணிதரன்


பொகவந்தலாவை,
ஜூன் 24

அக்காவுக்கு,

முருகன் அருளால் நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே விடாத மழை. அட்டைக்கடிதான் பெரிய தொல்லை. ஆனாலும் அரோகரா சத்தத்தில் எதுவும் தெரியவில்லை. கால் வலிக்கவே இல்லை. எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுகிறோம். மனம் நிறைந்திருக்கிறது. அடுத்த கடிதம் அல்துமுல்லையிலிருந்து.

தரணிதரன்


கந்தப்பளை,
ஜூன் 28

தரணிதரன், மே/பா கோயில் மடம், அல்துமுல்லை

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இங்கே பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ஆனால் என் மனசு தெளிந்துவிட்டது. கால் வலிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். கடையிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கிற கால் அது! முருகன் உண்மையாகவே பெரியவன்தான்.

சீனி மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? படுக்கும் முன் சுடுதண்ணீரில் காலை வைத்து, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார். சீனி வியாதிக்காரனுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாது என்பார்கள். ஈரக் காலோடு படுக்காதே. பசித்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடு.

ஒரு விஷயத்துக்கு உடனே பதில் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே வைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். நீ திரும்பி வந்து களைப்பாற வேண்டாமா? ஆவணி இருபது என்றால் உனக்கு வசதிப்படுமா? நீ சொல்கிற தேதியைத்தான் நான் அவர்களிடம் சொல்வேன்.

அனோஜா உனக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறாள்.

அக்கா


அல்துமுல்லை,
ஜூலை 4

அக்காவுக்கு,

முருகன் அருளால் நான் நலம். உங்கள் நலத்துக்குத் தினமும் வேண்டுகிறேன். இங்கேயும் விடாத மழை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடக்கிறோம். ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆனாலும் மனம் நிறைந்திருக்கிறது. கால் வலிக்கவே இல்லை. அடுத்த கடிதம் கொஸ்லந்தவிலிருந்து.

தரணிதரன்


கந்தப்பளை,
ஜூலை 8

தரணிதரன், மே/பா கோயில் மடம், கொஸ்லந்த

தம்பிக்கு,

நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். நான் நலமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். நீ கதிர்காமம் போகிற தூரத்தை நான் இந்த லயத்து வீட்டுக்குள்ளேயே நடந்து முடித்துவிடுவேன் போலிருக்கிறது.

தேதி கேட்டேன். பதில் இல்லை. மாத்திரை போடுகிறாயா என்றேன். பதில் இல்லை. என் கடிதம் வரவில்லை என்றாவது எழுதியிருக்கலாம். அனோஜா பெயரைக்கூட எழுதவில்லை.

இன்னொன்று. உன் மச்சானின் ஒன்றுவிட்ட தங்கை வீரம்மா அல்துமுல்லையில்தானே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்குப் போன் எடுத்து, "மழையில என் தம்பி கஷ்டப்படுறானாமே, ஒரு பழைய குடையாவது கொண்டு போய்க் குடு" என்றேன். அவள் சிரிக்கிறாள். "மழையா? இங்க ஒரு சொட்டு இல்ல மைனி. காத்துதான் பேயாட்டம் அடிக்குது. கூரத் தகரத்துக்கு மேல கல்லத் தூக்கி வச்சிக்கிட்டிருக்கோம்" என்கிறாள்.

அல்துமுல்லையில் மழை இல்லை தம்பி. பின்னே நீ எந்த ஊர் மழையில் நனைந்தாய்? காய்ச்சலில் பிதற்றி எழுதினாயா? ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


கொஸ்லந்த,
ஜூலை 13

மதிப்புக்குரிய ஜெயலெட்சுமி அம்மாவுக்கு,

வணக்கம். முகம் தெரியாத ஆள் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். என் பெயர் வீரய்யா. அட்டனில் தரணிதரன் முதலாளி கடைக்கு மூட்டை இறக்குகிறவன். முதலாளி சுகமாக இருக்கிறார், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இங்கே இல்லை. அட்டனிலேயே இருக்கிறார். அவருக்குப் பதிலாக நான்தான் நடந்து வருகிறேன்.

கடிதங்களை முதலாளி முன்கூட்டியே எழுதி உறைகளில் போட்டுத் தந்தார். ஊருக்கு ஒன்றாகத் தபாலில் போடச் சொன்னார். அவர் எழுதும்போது அட்டனில் மழை கொட்டியது. அதனால் எல்லா ஊரிலும் மழை பெய்திருக்கிறது. பொகவந்தலாவையில் நிஜமாகவே மழை. அல்துமுல்லையில் காற்று வேலில் கட்டிய பட்டுத் துணியைப் பிய்த்துக்கொண்டு போனது. இங்கே காலையில் வெயில், பகலில் மூட்டம், சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தூறல்.

உங்கள் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டேன். குழுவில் எனக்குத் தரணிதரன் சாமி என்றுதான் பெயர், ஆகையால் மடத்தில் என் கையில் கொடுத்தார்கள். அவசரச் செய்தியாக இருக்குமோ என்று பயந்து பிரித்தேன். விரலிடுக்கில் புண் இருக்கிறதா பார், பசித்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடு என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

முதலாளி நல்ல மனிதர். "வீரய்யாண்ணே, எம் பேருக்கு நீங்க நடந்துருங்க" என்றபோது எனக்கும் கதிர்காமம் பார்க்கிற ஆசையில் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். ஆனால் கோயிலுக்குக் கோயில் அவர் பெயரையே சொல்கிறேன். என் மகன் கொழும்புக்குப் போனவன், பேச்சு வார்த்தை இல்லை. அவனை ஒரு தரம் வீட்டுக்கு வரச் சொல்லி முருகனிடம் கேட்க ஆசை. அடுத்தவர் பெயரில் வந்துவிட்டு என் சொந்த விஷயத்தை எப்படிக் கேட்பது? வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

மிச்சக் கடிதங்களைப் போடவில்லை. வெல்லவாய கடிதத்திலும் மழைதான் இருக்கும்.

தங்கள்,
வீரய்யா


கந்தப்பளை,
ஜூலை 17

தரணிதரனுக்கு, அட்டன் கடைக்கே,

நீ சுகமாக இருக்கிறாய் என்று வீரய்யா அண்ணன் எழுதியிருக்கிறார். நல்லது. உயிரோடு இருந்தால்தானே திட்ட முடியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாயே! காலைப் பெரட்டில் பேர் கொடுக்க அம்மாவால் போக முடியாத நாளில் நான் போய், அம்மா பேருக்குக் கொழுந்து எடுத்திருக்கிறேன். கணக்கப்பிள்ளை கண்டும் காணாமல் அம்மாவே வேலைக்கு வந்ததாகப் பேர் போட்டிருக்கிறார். தோட்டத்தில் அது நடக்கும். கதிர்காமத்திலும் நடக்கும் என்று நினைத்துவிட்டாயா? முருகன் என்ன கணக்கப்பிள்ளையா, யார் வந்து நின்றாலும் உனக்குப் பேர் போட?

வீரய்யா அண்ணனுக்கு வெல்லவாய மடத்துக்கு எழுதிவிட்டேன். இனிமேல் உங்கள் பெயரிலேயே நடங்கள், உங்கள் மகனுக்காகவே கேளுங்கள் என்று எழுதினேன். மீதிக் கடிதங்களை அடுப்பில் போடச் சொன்னேன்.

கலியாணத் தேதி ஆவணி இருபது என்று நானே சொல்லிவிட்டேன். அதற்குள் நீ நடக்காவிட்டால் மாலை எடுத்துக் கொடுக்க வராதே. சோம்பேறித்தனமா, கடை மோகமா, என்னதான் உனக்கு? சொந்தப் பிள்ளையாக இருந்தால் இப்படி ஏமாற்றியிருப்பாயா?

ஜெயலெட்சுமி


அட்டன்,
ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மடித்து வைத்துவிட்டுப் பத்து நாளுக்கு மேல் திரிந்தேன். கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

சொந்தப் பிள்ளையாக இருந்தால் என்று கேட்டீர்கள். அனோஜா காய்ச்சலில் கிடந்த அதே கிழமையில்தான் என் சொந்தப் பிள்ளை டிக்கோயாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். குறைமாதத்தில் பிறந்தவன். காலையில் அங்கே, பகலில் பஸ் பிடித்து உங்களிடம். ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் நான் சத்தமாகச் சொன்னது அனோஜாவுக்கு. அதே மூச்சில் மனசுக்குள் சொன்னது என் மகனுக்கு. ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ஒரு நடை நேர்ந்தேன்.

அனோஜா காலையில் கண் திறந்தாள். நீங்கள் வார்டு முழுக்கக் கற்கண்டு கொடுத்தீர்கள். நானும் வாங்கி வாயில் போட்டேன். அது கரைவதற்குள் டிக்கோயாவிலிருந்து போன் வந்தது.

அக்கா, அனோஜா பிழைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் என் உயிர். ஆனால் அந்தச் சன்னிதியில் போய் நின்று நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. கொடுத்ததற்கு நடந்தால், எடுத்ததையும் சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நடக்காமல் விட்டால் அனோஜாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயம். அதனால்தான் வீரய்யா அண்ணனை அனுப்பினேன். கோழைத்தனம்தான். தனுஜாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. அவளும் பையனைப் பற்றிப் பேசியதில்லை.

மாலைக்கு வேறு ஆள் பாருங்கள். கோபமில்லை.

தரணிதரன்


கந்தப்பளை,
ஆகஸ்ட் 4

என் கண்ணான தம்பிக்கு,

சுகம் விசாரிக்க மாட்டேன். விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. உன் கடிதத்தை மச்சானிடமும் காட்டவில்லை. பிள்ளைக்காம்பராவில் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்து, குழந்தைகள் பயப்படுகிற மாதிரி அழுதேன்.

அந்தப் பிள்ளை போனது எனக்குத் தெரியும். அடக்கத்துக்கு மச்சான் வந்தார், நான் அனோஜாவை விட்டு வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தனுஜா எதிரிலேயே அனோஜாவைக் காட்டி, "முருகன் குடுத்த புள்ள" என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்! அவள் தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

நீ நடக்க வேண்டாம். இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். முருகனுக்குக் கோபம் வந்தால் என் வீட்டுக்கு வரட்டும், நான் பேசிக்கொள்கிறேன். நீயும் தனுஜாவும் கலியாணத்துக்கு நேரத்தோடு வந்து நில்லுங்கள். மாலையை உன் கையால் கொடு. வேறு ஆள் பார்க்கச் சொன்னாயே, தாய்மாமன் என்ன கடையில் விற்கிற சாமானா?

வீரய்யா அண்ணன் கதிர்காமத்தில் தீர்த்தம் ஆடிவிட்டுத் திரும்பிவிட்டாராமே. அவரையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா


கதிர்காமம்,
ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். என் குதிகாலில் கொப்புளம், விரலிடுக்கில் புண் இல்லை, மாத்திரை தவறவில்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் இந்தத் தடவை பதில் எழுதிவிட்டேன்.

தபால் முத்திரையைப் பார்த்து மறுபடியும் ஆளை அனுப்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வேண்டாம் என்று எழுதியதும்தான் எனக்குக் கால் தரிக்கவில்லை. கட்டாயம் போன பிறகு கோபம் மட்டும் மிச்சமாக இருந்தது. "கதிர்காமத்துக்கு நடக்கப் போறேன், கும்புட இல்ல, சண்ட போட" என்று தனுஜாவிடம் சொன்னேன். உங்களுக்கு எழுதியதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, ரெண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். "நானும் வர்றேங்க" என்றாள். குழு இல்லை, வேல் இல்லை. ரெண்டு பேர், ஒரு குடை.

பொகவந்தலாவை மழையில் குடை போனது. பலாங்கொடையில் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, உடுத்திய துணி உடம்பிலேயே நனைந்து உடம்பிலேயே காய்ந்தது. அல்துமுல்லையில் காற்றுக்குத் தனுஜா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கலியாணமான புதிதில் பிடித்ததோடு சரி. வெல்லவாயவுக்கு இறங்கியதும் தார் ரோடு கொதித்தது. புத்தல பக்கம் காட்டு ரோட்டில் யானைத் தொல்லை என்று தடுத்ததால் தணமல்வில வழியாகப் போனோம். அங்கே ஒரு சிங்கள அம்மா, "கொஹேத யன்னே?" என்று கேட்டு, நாங்கள் கதிர்காமம் என்றதும் காசு வாங்காமல் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் சண்டை போடப் போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

சன்னிதியில் உங்களுக்குத் தெரியுமே, சிலை கண்ணில் படாது, திரைதான். கூட்டமில்லாத நாள். எல்லோரும் வாய் பொத்தி நிற்கிற இடத்தில் நான் வாய்விட்டே கேட்டேன். "ஒண்ண மட்டும் ஏன் எடுத்தீங்க?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரை அசையவில்லை. பதில் கிடைத்தது, மனம் லேசானது என்றெல்லாம் பொய் எழுத மாட்டேன். கேட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

பிறகு தெய்வானை அம்மன் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அனோஜா, ரோகிணி என்றேன். மாப்பிள்ளை பெயரையும் சொன்னேன். "வேற யாரும் இருக்காங்களா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டப் போனேன். தனுஜா முந்திக்கொண்டு, "தனுஷன், பூச நட்சத்திரம்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அது யார் என்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஐயர் மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பூவைப் போட்டார்.

வெளியே வந்து மாணிக்க கங்கைக் கரையில் உட்கார்ந்தோம். "பையனுக்குப் பேரு வச்சிருந்தியா?" என்று கேட்டேன்.

"பொறந்த அன்னைக்கே வச்சிட்டேன். நீங்க அந்தப் பேச்சு வந்தாலே கடைக்குக் கெளம்பிருவீங்களே" என்றாள்.

அக்கா, பத்து வருஷமாக அவள் அவனைப் பெயர் சொல்லி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறேன்.

நாளைக்குப் பஸ் ஏறுகிறோம். கலியாண வீட்டில் உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். இருந்தாலும் தனுஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் அவனைப் பற்றிக் கேளுங்கள். பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

தம்பி,
தரணிதரன்